பட்டாலையில் ஸ்பீக்கர் வைத்த கதை

சென்னையில் பதினொரு வருடம் குடியிருந்த அடுக்குமாடி வீட்டு ஹாலில் சமர்த்தாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர், நான் ஓய்வு பெற்றுச் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து எங்கள் பூர்வீக வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் வைத்துப் போட்ட முதல் நாளே, கோயில் திருவிழாவுக்குப் புளியமரத்தில் கட்டிய குழாய் மாதிரி கத்தியது. அதே ஸ்பீக்கர், ஒலியைப் பெருக்கித் தரும் அதே ஆம்ப், அதே ஒயர். பாடுகிறவர் கிணற்றுக்குள் நின்று பாடுகிறார், மிருதங்கம் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது, நடுவில் எங்கிருந்தோ ஒரு 'கும்ம்ம்'. எங்கள் வீட்டு ஆச்சி, அதாவது என் மனைவி, அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டுவிட்டு, "லாரியில வந்ததுல உடஞ்சு போச்சா?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

உடையவில்லை. அது தெரிய எனக்கு ஒன்றரை வருடமும் ஒரு வேண்டாத ஆம்ப்பும் ஆனது.

அந்த ஆம்ப் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம் வலித்தது. அறை பெரியது, கூரை உயரம், அதனால் 40 வாட் போதாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். கடைக்காரரும் "பெரிய அறைக்குப் பெரிய ஆம்ப்தான் சார்" என்றார், அவர் வேறென்ன சொல்வார். 120 வாட் வாங்கி வந்து மாட்டினேன். கிணற்றுக்குள்ளிருந்து பாடியவர் இப்போது அதே கிணற்றுக்குள்ளிருந்து கொஞ்சம் சத்தமாகப் பாடினார், அவ்வளவுதான். பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வாட் இரண்டு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல். 40 என்பது 120 ஆனால் முழுசாக 5 டெசிபல்கூட இல்லை. காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவே ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு ஆம்ப் செலவழிப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்தான், மிச்சமெல்லாம் தவில் அடி மாதிரி திடீரென்று எழும்பும் இடங்களுக்காக. தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் பெட்டிமேல் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் எண்ணை ஒட்டி விற்றார்களே, அந்த வாட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம், வாட் பைத்தியம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

இப்போது அந்த அறை. பட்டாலை என்பது முகப்பை ஒட்டிய கூடம், எங்கள் வீட்டில் நீளம் 18 அடி, அகலம் 12 அடி, உயரமும் 12 அடி. செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும், எதிரில் நின்றால் முகம் மங்கலாகத் தெரியும். தரை ஆத்தங்குடிக் கல். முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பான கெட்டிச் சுவர், ஒலியையும் அப்படியேதான் திருப்பி அனுப்பும். அறை நடுவில் நின்று ஒரு கை தட்டினால் 'டிர்ர்ர்' என்று பல்லி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவே ஓடி அடங்கும். சென்னை ஹாலில் சோபா, மெத்தை நாற்காலி, திரைச்சீலை, புத்தக அலமாரி, துணி மடிக்காமல் கிடக்கும் கட்டில் எல்லாம் இருந்தன. அவைதான் அங்கே பாதி வேலையைச் செய்திருக்கின்றன, நான் பேரை ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தேன்.

அப்பச்சி (என் அப்பா) சொல்லியிருக்கிறார், இதே பட்டாலையில் ஐயா (தாத்தா) காலத்தில் கிராமபோன் பாடும், தெருவே வந்து உட்கார்ந்து கேட்கும் என்று. ஏவிஎம் மெய்யப்பன் அவர்கள் குடும்பத்தின் ஏவி அண்டு சன்ஸ் கடை காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற காலம் அது. அந்தத் தகரப் பூ நன்றாகப் பாடிய இடத்தில் இத்தனை விலை கொடுத்த பெட்டி ஏன் பாடவில்லை என்பது எனக்கு ஒரு மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

கடைசியில் காரைக்குடியிலிருந்து ஒரு ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வயதானவர், வால்வு செட் காலத்து ஆள். உள்ளே வந்ததும் பாட்டுப் போடச் சொல்லவில்லை, நடுவில் நின்று ஒரு கை தட்டினார், சிரித்தார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார். ஸ்பீக்கர் இரண்டும் மூலைக்கு ஒன்றாக இரண்டு தேக்கு அலமாரிகளின் தலைமேல் உட்கார்ந்திருந்தன. உயரத்தில் வைத்தால்தான் சத்தம் பரவும் என்பது நம் ஊர்ப் பழக்கம் அல்லவா. "யாருண்ணே மேல வச்சது?" என்றார். நான்தான் என்று சொல்லச் சங்கடமாக இருந்தது.

இறக்கி வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். பையிலிருந்து ஒரு சாதாரண 1.5 வோல்ட் செல்லை எடுத்து, ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு நொடி தொட்டார். இடது ஸ்பீக்கரின் வூஃபர், அதாவது கனத்த ஒலியைப் பாடும் பெரிய கூம்பு, 'டப்' என்று வெளியே தள்ளியது. வலது உள்ளே இழுத்தது. சிவப்பு, கறுப்பு மாற்றி மாட்டியிருக்கிறேன்! ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குப் பேஸ் என்கிற அடிக்கனம் வெட்டுப்பட்டுப் போகும், குரலுக்கு இடமே இருக்காது, ஓரத்தில் போய் நின்றால் மட்டும் கும்மென்று அடிக்கும். எனக்கு நடந்தது அப்படியே அதுதான். இந்தப் பூர்வீக வீட்டில் ஒரே நிறத்து ஒயரை உத்தரத்துக்கு மேலே ஓட்டியிருந்தேன், எந்த முனை எது என்று குத்துமதிப்பாக மாட்டியது. ஒரு ரூபாய் செலவில்லாமல் பாடகர் கிணற்றிலிருந்து வெளியே வந்தார். 120 வாட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் 'கும்' போகவில்லை. அதற்குத்தான் மேலே வைத்தது காரணம். இரண்டு சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஒரு பெட்டியை வைத்தால் மூன்று பக்கமும் பேஸைத் திருப்பிக் கொடுக்கும், அறைக்குள் எந்தெந்த அலைகள் தேங்குமோ அத்தனையையும் அங்கிருந்து சுலபமாகக் கிளப்பிவிடலாம். எனவே ஸ்பீக்கரைக் கீழே இறக்கினோம், 12 அடிச் சுவர்ப் பக்கம் வைத்து அறையின் நீளத்தைப் பார்த்துப் பாடும்படி. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதற்கு அந்த மனிதர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஆச்சியைச் சுவரில் முதுகு ஒட்டி நிற்க வைத்து, கையில் கிடைத்த கல்யாணப் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்துக்கொண்டே அரை அடி அரை அடியாக முன்னால் வரவேண்டும். நான் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். சுவரை ஒட்டி நின்றபோது ஆச்சியின் குரல் யாரோ தடிமன் பிடித்தவர் மாதிரி கனத்து இருந்தது. ஓரடியில் கொஞ்சம் தெளிந்தது. "மேற்படி சுபமுகூர்த்தத்திற்குத் தாங்கள் தங்கள் சுற்றம் சூழ" என்று வாசித்தபடி இரண்டே முக்கால் அடிக்கு வந்தபோது சட்டென்று அவர் குரல் அவர் குரலாகவே இருந்தது, முப்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரிந்த குரல். அங்கே சாக்பீஸில் ஒரு கோடு. பக்கச் சுவரிலிருந்தும் இதே மாதிரி பார்த்து இரண்டரை அடியில் இன்னொரு கோடு. ஸ்பீக்கரின் முகம் அந்தக் கோடுகளில்தான் இன்றைக்கும் நிற்கிறது. ஸ்பீக்கரைச் சோதிக்கப் பாட்டைவிடப் பேச்சுக் குரல் நல்லது என்று அன்று தெரிந்தது. பாட்டு எப்படிப் பதிவானது என்று நமக்குத் தெரியாது, மனிதக் குரல் எப்படி இருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

(சுவருக்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தில் வேறொரு சூட்சுமமும் உண்டு. பின்னால் போகும் பேஸ் சுவரில் பட்டுத் திரும்பி முன்னால் போகிற பேஸோடு மோதும். தூரம் ஒரு மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 86 அதிர்வு) பக்கம் ஒரு குழி விழும், அதாவது அந்தச் சுருதி அமுங்கிப்போகும், தூரம் பாதியானால் குழி இரண்டு மடங்கு மேலே ஏறும். குழியே இல்லாத இடம் கிடையாது, தொந்தரவு குறைந்த இடம்தான் உண்டு. பெட்டியின் முதுகில் துளை உள்ளவர்கள், சுவரை ஒட்டி வைத்தே ஆகவேண்டும் என்றால் அந்தத் துளையில் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி வைத்துப் பாருங்கள், சிரிக்காதீர்கள், வேலை செய்யும்.)

இடது வலது இரண்டும் பக்கச் சுவர்களிலிருந்து சமதூரத்தில் வந்ததும் கும்மல் பாதி குறைந்தது. ஏன் பாதி என்பதற்கு விடை அலமாரியில் இருந்தது.

எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிடார் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு இறங்கும்போதெல்லாம் எங்கோ ஒரு 'ங்ங்ங்' வரும். ஸ்பீக்கரில் கரகரப்பு என்று நினைத்து வூஃபரை உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு நாள் இரவு மொபைலில் ஒரு செயலியைப் போட்டு 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். 40, 44, ஒன்றுமில்லை. 47-க்கு வந்ததும் அறையே ஊத ஆரம்பித்தது, கூடவே 'ங்ங்ங்'. 50 தாண்டியதும் அடங்கியது. திரும்ப 47-க்கு இறக்கி வைத்துவிட்டு, அறையெங்கும் காதை வைத்துக்கொண்டு திரிந்தேன், ஆச்சி கதவோரம் நின்று பார்த்தது தெரியாது. தேக்கு அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஆத்தா சீராகக் கொண்டுவந்த எனாமல் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன, மேலேயிருந்து மூன்றாவது கிண்ணம் நடுங்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்தேன், நின்றது. எடுத்தேன், பாடியது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தேன், கண்ணாடிக் கதவின் இடுக்கில் ஒரு துண்டு வெல்வெட் ஒட்டினேன். அந்தச் சத்தம் போனது. செட்டிநாட்டு வீட்டில் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் முதலில் அலமாரிச் சாமான்களை அமைதிப்படுத்துங்கள்.

அது சரி, ஏன் 47? ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர். 343-ஐ அதன் இரண்டு மடங்கால் வகுத்தால் 47 வருகிறது, அந்த அலை அந்த இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்தித் தேங்கிவிடும். (நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒலி கொஞ்சம் வேகமாக ஓடும், 48 என்று வையுங்கள்.) எங்கள் பட்டாலையில் அகலமும் 12, உயரமும் 12. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஊதினால் கேட்கவா வேண்டும். ஸ்பீக்கரைச் சமதூரத்தில் வைத்து நடுவில் உட்கார்ந்ததும் அகலத்தின் ஊதல் அடங்கியது, உயரத்தின் ஊதல் மட்டும் அப்படியே மிஞ்சிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள் யாராவது படித்தால், பாட்டுக் கேட்கும் அறைக்கு நீளம் அகலம் உயரத்தில் எந்த இரண்டும் ஒன்றாக வேண்டாம். சதுரமான அறையில் என்ன பெட்டி வைத்தாலும் மல்லுக்கட்டுதான்.

அடுத்து அந்த 'டிர்ர்ர்'. ஒரு நண்பர், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டு என்றார். சுவரில் ஏற்கெனவே முட்டை இருக்கிறதய்யா என்றேன். விளையாட்டு இருக்கட்டும், முட்டை அட்டை மெல்லிசு, கூர்மையான சத்தத்தில் கொஞ்சத்தை மட்டும் கலைக்கும், குரலின் கனத்தையும் பேஸையும் தொடாது. அதோடு எங்கள் வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பல பங்காளிக் குடும்பங்களுக்கு, பொது. ஒரு ஆணி அடிக்கவேண்டும் என்றாலும் சிங்கப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற பங்காளிகளைக் கேட்கவேண்டும், பசை தடவ என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, சுவரைத் தொடாமல் செய்யவேண்டும்.

இந்த இடத்தில் வாலஸ் சபைன் என்பவரைச் சொல்லாமல் போகமுடியாது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர்கள் பேசுவது புரியவில்லை என்று இந்த இளம் இயற்பியல் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் செய்தது, பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு இரவாகத் தூக்கி வந்து போட்டு, ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அப்படிப் பிறந்த சூத்திரம்தான் இன்றைக்கும். என் பட்டாலைக்கு அதைப் போட்டுப் பார்த்தால் வெறும் அறையில் ஒலி அடங்க 3 நொடிக்கு மேல் வந்தது. வீட்டு அறைக்கு அரை நொடி பக்கம் இருந்தால் நல்லது.

மெத்தைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? மேல்மாடி அறையில் கல்யாணக் காலத்துக்கென்று இலவம்பஞ்சு மெத்தைகள் அந்துருண்டை வாசத்தோடு அடுக்கிக் கிடந்தன. நாலை எடுத்து வந்து, சுருட்டி, ஸ்பீக்கருக்குப் பின்னால் மூலைக்கு இரண்டாக நிறுத்தினேன், முன்னால் ஒரு திரை. தரையில் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் கனத்த பவானி ஜமுக்காளம். அப்புறம் தச்சரிடம் நாலுக்கு இரண்டடியில் எட்டு மரச் சட்டம் செய்து, உள்ளே இரண்டு அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை வைத்து, ஆத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைகளைக் கிழித்துப் போர்த்தினேன். துணி எதுவானாலும் வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் போகவேண்டும், பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி உதவாது. ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், நான் போடாமல் இரண்டு நாள் சொறிந்தேன். சட்டங்களைச் சுவரில் ஒரு சாண் தள்ளி, சும்மா சாய்த்து வைத்தால் போதும், ஆணி வேண்டாம். கண்டாங்கியின் கட்டத்தையும் அரக்குச் சிவப்பையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள்.

சட்டத்தை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், வேறொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து நகர்த்திக்கொண்டே வரட்டும், கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அந்த இடத்திலிருந்துதான் ஒலி முதலில் பட்டுத் தெறித்து உங்கள் காதுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் அந்த வேலையே மிச்சம், இடது பக்கச் சுவரில் ஆள் உயர பெல்ஜியம் கண்ணாடி ஒன்று அந்த இடத்திலேயே தொங்குகிறது! அதைக் கழற்ற முடியாது, ஆகவே பாட்டுக் கேட்கும் நேரத்தில் மட்டும் அதன் முன்னால் ஒரு சட்டம் வந்து நிற்கும்.

உட்காரும் இடமும் முக்கியம். முதுகுச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டால் பேஸ் எல்லாம் அங்கே வந்து குவியும், நான் ஏழரை அடி முன்னால் போட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே 7 அடி, அங்கிருந்து நாற்காலிக்கு எட்டரை. முதலில் ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டேன், பாடகரும் கூடவே ஆடினார். அப்புறம் ஐயாவின் சாய்வு நாற்காலி. அதில் சாய்ந்தால் காது தரையிலிருந்து 32 அங்குலத்துக்கு இறங்கிவிடுகிறது, வாங்கிய ஸ்டாண்டில் ட்வீட்டர், அதாவது கீச்சொலியைப் பாடும் சின்னக் கூம்பு, 38-இல் இருந்தது, ஆறு அங்குலம் என்ன செய்துவிடும் என்று அலட்சியமாக இருந்தேன், ஸ்டாண்டை விட்டுத் தச்சரிடம் குட்டையாகத் தேக்கில் இரண்டு செய்து, உள்ளே காயவைத்த மணலை நிரப்பி வைத்ததும் வயலின் இழை இழையாக வந்தது. கீழே கூர்முனை வைக்காதீர்கள், ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் ஆயுசுக்கும் பேச்சு வாங்கவேண்டும், ரப்பர் போதும்.

ஆம்ப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய 40 வாட்டுக்கே திரும்பிவிட்டேன், பெரியது மருமகன் வீட்டில் இருக்கிறது. முதலில் அறைக்கு ஏற்ற ஸ்பீக்கரைப் பாருங்கள், பிறகு அந்த ஸ்பீக்கருக்கு ஆம்ப். ஸ்பீக்கர் தாளில் ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று 86 டெசிபல், 90 டெசிபல் எனப் போட்டிருப்பதைக் கவனியுங்கள், அந்த 4 டெசிபல் வித்தியாசம் இரண்டரை மடங்கு வாட்டுக்குச் சமம். 4 ஓம்ஸ் (மின்தடை) பெட்டி என்றால் ஆம்ப் 4 ஓம்ஸ் தாங்குமா என்று கேளுங்கள். வாட்டை 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 வரை, இடது, வலது இரண்டு சேனலும் ஓடும்போது என்று அளந்து போட்டிருந்தால் நம்பலாம், ஒரு சேனலை மட்டும் ஓட்டி அளந்த எண் பெரும்பாலும் பெரிசாகத்தான் இருக்கும். சின்ன ஆம்ப்பை அதன் சக்திக்கு மேல் முறுக்கினால் ஒலி வெட்டுப்பட்டு ட்வீட்டர் எரியும், என் சித்தப்பா மகன் ஒரு புதுவருட இரவில் இரண்டையும் எரித்தான். ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 10 மீட்டர் ஓட்டினாலும் போய் வர 0.2 ஓம்ஸுக்குள்தான். ஆம்ப்பை அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், தலைக்கு மேல் நாலு விரல் காற்று வேண்டும். 'ம்ம்ம்' என்று விடாமல் இரைந்தால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், எங்கள் வீட்டில் அதுதான் காரணம். அதற்காக எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

போன தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம். மெத்தை வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள், என் மூலையிலிருந்த நாலும் போய்விட்டன, ஜமுக்காளமும் முகப்புக்குப் போய்விட்டது, வழி அடைக்கிறது என்று கண்டாங்கிச் சட்டங்களை யாரோ மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். மறுபடி வெறும் பட்டாலை. ராத்திரி சாப்பாடு முடிந்து, "அண்ணே, உங்க செட்டுல எதாச்சும் போடுங்க" என்று சொந்தக்காரர்கள் இருபது பேர் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், மடியில் பிள்ளைகள், தோளில் சால்வை, பட்டுச் சேலை. எனக்குச் சங்கடம், இன்றைக்குப் போய் மானத்தை வாங்கப் போகிறதே என்று. பாட்டுப் போடுவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் ஒரு கை தட்டினேன். 'டிர்ர்ர்' இல்லை. இன்னொரு தரம் தட்டினேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிப் போய் எல்லாரும் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.